வீடு வாங்க வீட்டார் தரும் பணம்: அன்பளிப்பா, கடனா, பங்கா?

சென்னையில் சொந்தச் சேமிப்பை மட்டும் வைத்து ஃபிளாட் வாங்கியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. வங்கிக் கடன் போக மீதிக்கு அப்பாவின் ஓய்வுக்காலப் பணம் வருகிறது, மாமனார் கொடுக்கிறார், சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் அனுப்புகிறார், மனைவியின் நகை போகிறது. பணம் கைமாறும் நேரத்தில் அது என்ன பணம் என்று யாரும் பேசுவதில்லை. "இருக்கட்டும்டா, வெச்சுக்கோ" என்கிறார் அப்பா. "பார்த்துக்கலாம்பா" என்கிறான் மகன். ஐந்தாறு வருஷம் கழித்து தங்கைக்குக் கல்யாணம் என்றோ அப்பாவுக்கு ஆபரேஷன் என்றோ வரும்போதுதான் அந்தப் பேச்சு எழுகிறது. அப்போது ஆளுக்கொரு நினைவு இருக்கும்.

வாங்கும் பணம் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். திருப்பித் தர வேண்டாத அன்பளிப்பு, திருப்பித் தர வேண்டிய கடன், அல்லது வீட்டில் அவருக்கும் ஒரு பங்கு. எது என்று பணம் கணக்கில் ஏறும் முன்பே முடிவு செய்து எழுதிவிட வேண்டும். யாரிடம் வாங்குகிறோம் என்பதைப் பொறுத்துச் சரியான பதில் மாறும்.

முதலில் எவ்வளவு தேவைப்படும் என்று பார்ப்போம். மேடவாக்கம் பக்கம் 70 லட்சத்துக்கு ஒரு புது ஃபிளாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடன் தொகை 30 லட்சம் வரை என்றால் மதிப்பில் 90 சதவீதம், 30 முதல் 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம். இதுதான் ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் உச்சவரம்பு. ஆக 56 லட்சத்துக்கு மேல் கிடைக்காது. மீதி 14 லட்சம் நம் கைக்காசு. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் இந்தக் கணக்கில் சேராது, அதையும் நாமே போட வேண்டும். தமிழ்நாட்டில் புது ஃபிளாட்டின் முதல் விற்பனைக்கு, 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரை, இரண்டும் சேர்ந்து 7 சதவீதம், அதாவது 4.9 லட்சம். இதே விலையில் பழைய ஃபிளாட் என்றால் 9 சதவீதம், 6.3 லட்சம். கட்டிக்கொண்டிருக்கும் வீடாக இருந்தால் 5 சதவீத ஜிஎஸ்டி வேறு, அது 3.5 லட்சம். வக்கீல் ஃபீஸ், கபோர்டு வேலை, மின்விசிறி, விளக்கு எல்லாம் சேர்க்காமலே 19 முதல் 22 லட்சம் கையில் வேண்டும். முப்பது வயதில் இருக்கும் ஒரு தம்பதியிடம் இதில் பாதி இருந்தாலே பெரிய விஷயம். மீதிப் பாதிதான் இங்கே நம் கவலை.

வரி விஷயம் பலர் பயப்படும் அளவுக்குக் கடினமில்லை. பெற்றோர், தாத்தா பாட்டி, கணவன் மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், மனைவி அல்லது கணவரின் உடன்பிறந்தவர்கள், பெற்றோருடைய உடன்பிறந்தவர்கள், மாமனார் மாமியார், இவர்களின் வாழ்க்கைத் துணைகள் ஆகியோர் எவ்வளவு கொடுத்தாலும் வாங்குபவருக்கு வருமான வரி கிடையாது. 2025-இல் நிறைவேறிய புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறினாலும் இந்த விதி அப்படியேதான் இருக்கிறது. தாய்மாமா, சித்தப்பா, பெரியம்மா, அத்தை எல்லோரும் பட்டியலில் உண்டு. சித்தப்பா மகனும் மாமா மகளும் கிடையாது. ஒரே வீட்டில் வளர்ந்து அண்ணா, அக்கா என்று கூப்பிட்டாலும் வரிச் சட்டத்துக்கு அவர்கள் வெளியாட்கள்தான். இன்னொன்றையும் கவனியுங்கள். தாய்மாமா தன் அக்கா மகனுக்குக் கொடுத்தால் வரி இல்லை. அதே அக்கா மகன் தாய்மாமாவுக்குக் கொடுத்தால் வரி உண்டு, ஏனென்றால் உடன்பிறந்தவரின் பிள்ளை அந்தப் பட்டியலில் இல்லை.

பட்டியலில் இல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் வந்த பணம் மொத்தமாக 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு மட்டுமல்ல, முழுத் தொகைக்கும் வரி. நான்கு நண்பர்கள் ஆளுக்கு 40,000 கொடுத்தால் 1.6 லட்சமும் உங்கள் வருமானமாகிவிடும். கல்யாணத்தின்போது மணமக்களுக்கு வரும் பரிசுக்கும் மொய்க்கும் விலக்கு உண்டு. கிரகப்பிரவேசத்துக்கு வரும் மொய்க்கு அந்த விலக்கு இல்லை.

யாராக இருந்தாலும் ரொக்கமாக வாங்காதீர்கள். ஒருவரிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வாங்கிய அளவுக்கே அபராதம். கடன் என்றால் வரம்பு இன்னும் குறைவு, 20,000 ரூபாய். கொடுப்பவரின் கணக்கிலிருந்து நேராக உங்கள் கணக்குக்கு வரட்டும்.

வங்கியில் கடனுக்கு மனு போட்டதும் ஆறு மாதமோ ஒரு வருஷமோ ஸ்டேட்மெண்ட் கேட்பார்கள். மாதச் சம்பளம் வரிசையாக ஏறிக்கொண்டிருக்கும் பக்கத்தில் திடீரென்று 8 லட்சம் தெரிந்தால் அது எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். அன்பளிப்பு என்றால் கொடுத்தவரின் கையெழுத்தோடு ஒரு கடிதம் வேண்டும். அதில் இருக்க வேண்டியது இவ்வளவுதான்: "என் மகன் வீடு வாங்குவதற்காக ரூ.8,00,000-ஐ என் வங்கிக் கணக்கிலிருந்து இன்ன தேதியில் அவன் கணக்குக்கு அனுப்பியிருக்கிறேன். இதை என் சொந்தச் சேமிப்பிலிருந்து, அன்பின் பேரில் கொடுக்கிறேன். இது கடன் அல்ல. இதைத் திருப்பிக் கேட்க மாட்டேன். இந்தப் பணம் கொடுத்ததை வைத்து வீட்டில் உரிமை கோர மாட்டேன்." இருவரின் பான் எண், உறவுமுறை, பணப் பரிமாற்ற எண், மகன் ஏற்றுக்கொண்டதாக ஒரு கையெழுத்து. பணத்தைக் கொடுப்பதற்கு நிலத்தைப் போலப் பத்திரப்பதிவு தேவையில்லை.

நான் அதிகம் கவலைப்படுவது இந்தக் கடிதத்தைப் பற்றித்தான். உள்ளுக்குள் கடன் என்று பேசி வைத்துக்கொண்டு, வங்கிக்காக அன்பளிப்பு என்று எழுதிக் கொடுக்கிறார்கள். கடன் என்று சொன்னால் அதற்கும் மாதத் தவணை இருக்கிறதென்று வங்கி கணக்குப் போட்டு, கொடுக்கும் தொகையைக் குறைத்துவிடுமோ என்ற பயம். வங்கியிடம் பொய் சொல்வது ஒரு தப்பு. அதைவிடப் பெரிய ஆபத்து கொடுத்தவருக்கு. "கடன் அல்ல, திருப்பிக் கேட்க மாட்டேன்" என்று அவரே கையெழுத்துப் போட்டிருக்கிறார். நாளைக்குப் பிள்ளைக்கும் மருமகளுக்கும் பிரிவு வந்தாலோ, பிள்ளைக்கே ஏதாவது ஆகிவிட்டாலோ, அந்தத் தாளை வைத்துக்கொண்டு எந்தப் பெரியவரும் பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது. திருப்பித் தரப் போகிற பணம் என்றால் கடன் என்றே எழுதுங்கள், வங்கியிடமும் அப்படியே சொல்லுங்கள். அதனால் கடன் தொகை குறைந்தால், அந்த விலைக்கு வீடு நமக்குக் கட்டாது என்று அர்த்தம். கூடுவாஞ்சேரிப் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளிப் பார்க்கலாம், அல்லது இரண்டு வருஷம் பொறுக்கலாம்.

பெற்றோர் பணத்தை எடுத்துக்கொள்வோம். அப்பா ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் 10 லட்சத்தை அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டிருக்கிறார். 2023 ஏப்ரலுக்குப் பின் 8.2 சதவீதத்தில் திறந்த கணக்கு என்றால் ஐந்து வருஷத்துக்கு அதே வட்டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை 20,500 ரூபாய். அம்மாவின் மருந்து, கேபிள் பில், பேரப்பிள்ளைகளுக்கு வாங்கும் தின்பண்டம் எல்லாம் இதில்தான் ஓடுகிறது. இதை உடைத்து உங்களுக்குக் கொடுத்தால், இரண்டு வருஷம் முடிந்த கணக்கில் 1 சதவீதம், அதாவது 10,000 ரூபாய் பிடித்துக்கொள்வார்கள். ஒன்று முதல் இரண்டு வருஷத்துக்குள் என்றால் 15,000. அதே 10 லட்சத்தை வங்கியிலேயே 8.5 சதவீதத்தில் 20 வருஷத்துக்குக் கூடுதலாக வாங்கியிருந்தால் உங்களுக்கு மாதம் சுமார் 8,680 ரூபாய் தவணை. முதல் வருஷம் அதில் வட்டி மட்டும் சுமார் 84,000. அப்பா இழக்கும் வட்டி 82,000. குடும்பம் மொத்தமாகப் பார்த்தால் லாபம் என்று சொல்ல ஒன்றுமே இல்லை, வயதானவர்களின் கைச்செலவுதான் போகிறது. ஆகவே வங்கி தரத் தயாராக இருக்கும் தொகையைக் குறைப்பதற்காக அப்பாவின் டெபாசிட்டை உடைக்காதீர்கள். வங்கி எப்படியும் தராத அந்த மார்ஜின் பணத்துக்கும் பத்திரச் செலவுக்கும் மட்டும்தான் பெற்றோர் பணத்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

அப்படித் தேவைப்படும்போது என் பரிந்துரை, அதை எழுதப்பட்ட கடனாக வாங்குவது. அஞ்சலகம் கொடுத்த அதே வட்டியை மாதம் சுமார் 6,800 ரூபாயாக அப்பா கணக்குக்கு அனுப்புங்கள். அவருக்கு வரவு நிற்காது. அதற்கு அவர் வரி கட்ட வேண்டும்தான், அஞ்சலக வட்டிக்கும் அப்படித்தானே. பழைய வரி முறையில் இருப்பவர் என்றால், குடியிருக்கும் வீட்டுக்கான 2 லட்சம் வட்டிக் கழிவில் அப்பாவுக்குக் கொடுக்கும் வட்டியையும் சேர்க்கலாம். வீட்டுக் கடன் வட்டி வங்கிக்குத்தான் போக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அசலுக்கான கழிவு (பழைய சட்டத்தில் 80சி பிரிவு) மட்டும் உறவினர் கடனுக்குக் கிடைக்காது. புதிய வரி முறையில் குடியிருக்கும் வீட்டுக்கு இரண்டுமே இல்லை.

மகனிடம் போய் வட்டி வாங்குவதா என்று பெரியவர்கள் கூச்சப்படுவார்கள். நியாயம்தான். ஆனால் கடனாகக் கொடுத்ததைப் பின்னால் வேண்டாம் என்று விட்டுவிட அவருக்கு ஒரு கடிதம் போதும். அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டதைக் கடனாக மாற்ற வழியில்லை. எழுபது வயதில் உடம்பு எப்படி இருக்கும் என்று இன்றைக்குத் தெரியாத நிலையில், திரும்பப் பெறும் வாசலை அவர்களுக்குத் திறந்து வைப்பதுதான் பிள்ளைகளுக்கு அழகு. 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தில், பராமரிப்பார்கள் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பராமரிக்காவிட்டால் வருவாய்க் கோட்டாட்சியரிடம் முறையிட்டு ரத்து செய்ய வழி இருக்கிறது. ஆனால் கொடுத்த பணம் ஃபிளாட்டாக மாறி, அதன் மேல் வங்கி அடமானமும் இருக்கும்போது அந்த வழி எவ்வளவு தூரம் பயன்படும்? அதை நம்பி யாரும் கொடுக்க வேண்டாம்.

பென்ஷன் வருகிறது, மருத்துவக் காப்பீடு இருக்கிறது, கையிருப்பும் தாராளம் என்றால் அன்பளிப்பாகவே வாங்கிக்கொள்ளலாம். அப்போதும் ஒரு நிபந்தனை உண்டு. உடன்பிறந்தவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அம்பத்தூரில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், கும்பகோணம் பக்கத்து நிலத்தை விற்ற பணத்தில் 12 லட்சத்தை அப்பா மகனுக்குக் கொடுத்தார். தங்கைக்கு அது கிரகப்பிரவேசத்தன்று தெரிந்தது. சீர்த்தட்டோடு வந்தவளிடம் பெரியம்மா ஒருவர் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். அவள் கேட்டது ஒரே வாக்கியம்: "நான் கேட்டிருக்கப் போறேனா அண்ணா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" அண்ணனுக்குப் பதில் இல்லை. இன்றைக்கும் பொங்கலுக்கு வருகிறாள், போகிறாள். பழைய பேச்சு இல்லை.

இதில் சட்டமும் இருக்கிறது. அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய நிலம் என்றால் விற்ற பணத்தை அவர் யாருக்கும் கொடுக்கலாம். பூர்வீக நிலம் என்றால் அப்படி இல்லை. தமிழ்நாட்டில் 1989 திருத்தத்தில் அப்போது திருமணமாகாதிருந்த மகள்களுக்கும், 2005 மத்திய திருத்தத்தில் எல்லா மகள்களுக்கும் இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு வந்துவிட்டது. திருத்தம் வந்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆக, பூர்வீக நிலம் விற்ற பணத்தில் தங்கையின் பங்கு போகத்தான் அப்பா கொடுக்க முடியும். அந்தப் பங்கை அவளுக்குக் கொடுத்துவிட்டு, அவளே பிரியப்பட்டு அண்ணனுக்குக் கொடுத்தால் அதற்குத் தனியாக ஒரு கடிதம் வாங்குங்கள். அவளும் வரி விலக்குப் பட்டியலில் இருப்பவள்தான்.

மூன்றாவது வழி பங்கு. அண்ணன் 15 லட்சம் போடுகிறார், கிரயப் பத்திரத்தில் அவர் பெயரும் வருகிறது. கேட்க நியாயமாக இருக்கிறது, நடைமுறையில் இதுதான் மூன்றிலும் கனமானது. பத்திரத்தில் பெயர் இருப்பவர்கள் எல்லோரும் கடனிலும் கையெழுத்துப் போட வேண்டும் என்றுதான் வங்கிகள் பொதுவாகக் கேட்கும். நாளைக்கு அண்ணன் தனக்கு வீடு வாங்கக் கடன் கேட்கும்போது இந்தக் கடனும் அவர் கணக்கில் நிற்கும். விற்க வேண்டுமென்றால் இருவரும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வர வேண்டும், வெளிநாட்டில் இருந்தால் பவர் பத்திரம் வேண்டும். ஆளுக்கு எத்தனை சதவீதம் என்பதைப் பத்திரத்திலேயே எழுதாவிட்டால், 15 லட்சம் போட்டவருக்கும் 55 லட்சம் போட்டவருக்கும் சரிபாதி என்று ஒரு வாதம் கிளம்ப இடமிருக்கிறது. அண்ணன் உண்மையிலேயே முதலீடாகப் பார்க்கிறார், வாடகையிலும் விலையேற்றத்திலும் பங்கு எதிர்பார்க்கிறார் என்றால் மட்டும் இதைச் செய்யுங்கள். மற்றபடி அண்ணன் பணம் கடனாக இருப்பதே இருவருக்கும் நல்லது.

மரியாதைக்காக அப்பா பெயரையும் சேர்ப்பது இன்னொரு பழக்கம். அவர் உயில் எழுதாமல் காலமானால் அவருடைய பங்கு அம்மா, பிள்ளைகள், அப்பாவைப் பெற்ற பாட்டி இருந்தால் அவர் என்று எல்லோருக்கும் சமமாகப் பிரியும். பிறகு ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்க வேண்டியிருக்கும். பெயர் சேர்த்தாயிற்று என்றால், கடன் முடிந்ததும் அப்பா உயிரோடு இருக்கும்போதே தான செட்டில்மென்ட் எழுதி வாங்கிவிடலாம். பெற்றோர் பிள்ளைக்கு எழுதினால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000.

மனைவியின் நகை விஷயத்தில் எனக்கு இரண்டு எண்ணம் கிடையாது. பிறந்த வீட்டில் போட்டது அவருடைய சொத்து. அதை விற்றுப் போட்டால் பத்திரத்தில் அவர் பெயர் இருக்க வேண்டும், போட்ட அளவுக்குப் பங்கும் எழுத வேண்டும். இதில் வரி லாபமும் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு மேல் வைத்திருந்த நகையை விற்றால் லாபத்துக்கு 12.5 சதவீத வரி. விற்ற தொகை முழுவதையும் வீட்டில் போட்டால், அவருக்கு ஏற்கெனவே ஒன்றுக்கு மேல் வீடு இல்லாத பட்சத்தில், அந்த வரிக்கு விலக்குக் கேட்கலாம். வீடு அவர் பெயரில் இருந்தால்தான் கேள்வி வராமல் கிடைக்கும். மாமியார் காலத்து நகை, இருபது வருஷத்துக்கு முன் வாங்கிய விலை என்றால் இது சின்னத் தொகை அல்ல.

மாமனார் தானாகக் கொடுத்தால் வரி இல்லை, மகளின் கணக்குக்கே அனுப்பச் சொல்லுங்கள். அவரிடம் கேட்டு வாங்குவது வேறு கதை. வீடு கட்டப் பணம் கொண்டு வரச் சொல்வதும் வரதட்சணைதான் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டம் இருக்கட்டும், மகளைக் கட்டிக்கொடுத்தவரின் சேமிப்பில் கண் வைத்து வீட்டுக்கு பட்ஜெட் போடுவது சரியே இல்லை.

நண்பர்கள், சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் விஷயம் எளிது. கடனாக மட்டும் வாங்குங்கள். கடனுக்கு வரி இல்லை. புரோநோட்டு எழுதிக் கொடுங்கள். கேட்டதும் தருகிறேன் என்று எழுதிய நோட்டுக்கு எழுதிய தேதியிலிருந்து மூன்று வருஷம்தான் ஆயுள். அதற்குள் ஒரு பகுதியைக் கொடுத்து வரவு எழுதிக் கையெழுத்துப் போட்டாலோ, கடன் பாக்கி இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தாலோ மறுபடி மூன்று வருஷம். கொடுத்தவர் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களாகவே அதைப் புதுப்பித்துக் கொடுப்பது மரியாதை.

எந்த வழியில் வாங்கினாலும் பணத்தை முன்கூட்டியே புரட்டி வைத்துக்கொள்ள அவசரப்படாதீர்கள். பில்டர் ஆபீஸில் "இந்த வாரம் முப்பது சதவீதம் கட்டினா இந்த ரேட்" என்பார்கள். ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் அவர்கள் வாங்கக் கூடாது. 70 லட்சத்துக்கு அது 7 லட்சம். அதுவரை உங்கள் சொந்தச் சேமிப்பில் சமாளியுங்கள். வில்லங்கச் சான்று பார்த்து, வக்கீல் சரி என்று சொல்லி, வங்கியின் ஒப்புதல் கடிதம் கையில் வந்த பிறகு அப்பாவை அஞ்சலகத்துக்கு அழைத்துப் போனால் போதும். ஒருவேளை கடன் மறுக்கப்பட்டாலும் அவருடைய கணக்கு உடையாமல் இருக்கும்.